கஸ்பாரின் இரண்டாவது வாக்குமூலம்

டெலஸ்போர் செத்த அன்று வள்ளத்தில் காற்றுக் குழாயைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியவன் கஸ்பார்.

திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போன அந்த வள்ளத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மூச்சை அடக்கி முங்கியதெல்லாம் அவர்கள் அப்பன்மார் காலத்தோடு சரி. இப்போது வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து போகும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கடலடியில் மணிக்கணக்கில் சங்கு பொறுக்கினார்கள். கூடாது என்று அதிகாரிகள் பலமுறை சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களும் கேட்டவர்களும் அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

குழாயின் இணைப்பு ஒரு வாரமாகவே தளர்ந்திருந்தது. சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வள்ளத்தின் சொந்தக்காரர் ரெமிஜியூஸ் சம்மாட்டியிடம் டெலஸ்போர் சொன்னபோது, "அடுத்த வாரம் மாத்திருவோம்ல" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற கஸ்பார் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று காலை டெலஸ்போர் பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் இருந்தான். முதல் பை சங்கு மேலே வந்திருந்தது. நல்ல பருமனான சங்குகள். கஸ்பார் குழாயை விட்டுவிட்டு அவற்றைத் தரம் பிரிக்க உட்கார்ந்தான். ஐந்து நிமிடமோ, அதற்கும் குறைவோ. சீறும் சத்தம் கேட்டுத் திரும்பினால், இணைப்பு கழன்று குழாயின் நுனி பலகையில் துள்ளிக்கொண்டிருந்தது. அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். டெலஸ்போர் மேலே வந்தபோது மூக்கிலும் வாயிலும் நுரை. கரையைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

வள்ளத்தை ஓட்டிய வியாகப்பன் சம்மாட்டிக்குப் போன் போட்டான். பேசி முடித்ததும் கம்ப்ரசரைத் தூக்கிக் கடலில் போட்டான்.

கரையில் சம்மாட்டி நால்வரையும் தனியே கூப்பிட்டார்.

"தம் கட்டி முங்குனான், நெஞ்சு வலி வந்துட்டு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. கம்ப்ரசர்னு ஒருத்தன் வாயத் தொறந்தாலும் கிரேசிக்கு ஒரு உதவியும் கெடைக்காது. அந்தப் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

கிரேசி டெலஸ்போரின் மனைவி. அவள் பெயரைச் சொன்ன பிறகு யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. காவல் நிலையத்தில் நால்வரும் அப்படியே சொன்னார்கள். கஸ்பாரும் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் போனவன், சாமியாருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி பிளாரன்ஸ் அதைப் பார்த்தாள். வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். அதற்கடுத்த ஞாயிறும் வயிறு சரியில்லை.

மூன்றாவது வாரம் பங்குச்சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். சங்கு பிரித்ததையும் சொன்னான். சாமியார் அவனைவிட வயதில் சின்னவர்.

"மன்னிப்புக் கேட்டு என்கிட்ட வந்திருக்கீங்க, சரி. நீங்க பொய் சொன்ன எடம் இது இல்லையே."

"அங்கன போனா என்னாவும்னு ஒங்களுக்குத் தெரியாது சாமி."

"தெரியும். ஆனா நான் வேற மாதிரி சொன்னா அது ஒங்களுக்கே பொறுக்காது."

காவல் நிலையத்துக்குப் போகுமுன் கிரேசியிடம் சொல்லிவிட வேண்டும் என்று கஸ்பாருக்குத் தோன்றியது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான். இணைப்பு, சைக்கிள் டியூப், கழன்ற குழாய், தான் அப்போது பார்க்காமல் இருந்தது.

கிரேசி சுளகைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான கொழாயப் புடிச்சிருந்திய?"

"நாந்தான்."

"மூணு வாரமா வந்து எங்கூட அழுதுட்டுப் போனியளே."

ஸ்டேசனுக்குப் போகும் வழியில்தான் வந்ததாகச் சொன்னான்.

"ஸ்டேசன்ல போயிச் சொல்லப் போறியளாக்கும். சொல்லி ஒங்க மனசக் கழுவிக்கிடுவிய. எம்பிள்ளைங்களுக்குச் சம்மாட்டி வழி பண்ணுதேன்னு சொல்லியிருக்காரு. அது போச்சுன்னா நீங்க தருவியளா? எனக்கு உண்மையும் வேணாம் ஒண்ணும் வேணாம். போங்க இங்கனருந்து."

கஸ்பார் அங்கிருந்து நடந்து காவல் நிலையத்துக்குத்தான் போனான். வழியில் இரண்டு இடத்தில் நின்றான். திரும்பிவிடலாமா என்று நினைத்தான். செத்தவனுக்காகத்தான் போகிறேனா, அவள் சொன்னதுபோல என் மனசைக் கழுவத்தான் போகிறேனா என்று அவனுக்கே விளங்கவில்லை. விளங்காமலே உள்ளே போய், முன்பு சொன்னது பொய் என்று வாக்குமூலம் கொடுத்தான். தன் பிழையையும் விடாமல் எழுதச் சொன்னான். எழுதிய ஏட்டையா பேனாவை மூடிவிட்டு அவனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒன்னயும் சேத்துல்லா கேசுல போடுவாக, தெரியுமா?"

"தெரியும் சார்."

கேசில் அவன் பெயரும் சேர்ந்தது. மற்ற மூவரும் பழைய வாக்குமூலத்திலேயே நின்றார்கள். ரெமிஜியூஸ் இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அதோடு முடியவில்லை. அதிகாரிகள் வந்து வள்ளம் வள்ளமாகச் சோதித்து, கம்ப்ரசர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இருபதுக்கு மேல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஒவ்வொரு வள்ளத்துக்குப் பின்னாலும் ஐந்தாறு வீடுகள். அந்த வீடுகளில் அடுப்பெரிவது ஒருவேளையாகக் குறைந்தபோது, அதற்குக் காரணம் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று பிளாரன்ஸ் பின்னால் சொன்னாள். ஏலத்தில் மீன் எடுத்து வீடு வீடாக விற்கிறவள் அவள். அவள் கேட்டால் ஏலக்காரர் காது கேளாதவர்போல அடுத்தவள் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்லூரிக்குப் போகும் மகள் ஈவாஞ்சலினுக்கு, தெருப் பிள்ளைகள் போகும் ஷேர் ஆட்டோவில் இடம் இல்லாமல் போயிற்று. வாரந்தோறும் வீட்டுக்கு வீடு நடக்கும் அன்பிய ஜெபம் அவர்கள் முறை வந்தபோது அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போனது. ஒருநாள் விடிந்தபோது வாசலில் மீன் குடல் கொட்டிக் கிடந்தது. கொட்டியது எதிர்த்த வரிசையில் இருக்கும் பிரேமா. அவள் அதை மறைக்கவும் இல்லை.

பிளாரன்ஸ் வாசலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து வாளியைப் போட்டாள்.

"நீங்க புண்ணியவான் ஆயிட்டிய. நானும் பிள்ளையும் என்ன செஞ்சோம்? மணப்பாட்டுல அக்கா வீட்டுக்குப் போயிருவோம். எத்தன தரம் சொல்லுதேன்!"

"போனா நான் பொய் சொன்னதாத்தான் பேசுவாவ, பிளாரன்ஸ்."

"பேசட்டுமே. இப்ப மட்டும் என்ன புகழுதாவளா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அன்று சாயங்காலம் அவளே வந்து, அவன் கால் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எந்த வள்ளத்திலும் ஏற முடியாமல் அவன் அப்போது உப்பளத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இருபது வருஷம் கடல் தண்ணீரில் ஊறிய கால்கள் அவை. ஆனால் பாத்தியில் கட்டி நிற்கும் உப்புத் தண்ணீர் வேறு மாதிரி அரித்தது. வெள்ளைவெளேரென்ற உப்பு அம்பாரத்தில் பட்டு எதிரடிக்கும் வெயிலில் கண் எரிந்து நீர் கொட்டும். அளத்தில் கங்காணியாக இருந்த சுடலைக்கண்ணு அண்ணாச்சி கடற்கரையோடு தொடர்பில்லாத ஆற்றங்கரை ஊர்க்காரர். கஸ்பார் யார், ஏன் வந்தான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது ஒரு பெரிய ஆறுதல்.

ஞாயிறு தவறாமல் மூவரும் அதே கோயிலுக்குத்தான் போனார்கள். ஊருக்குள் வேறு கோயில்கள் இருந்தன. கஸ்பார் போகவில்லை. அவர்கள் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது, முன்னால் இருப்பவர்கள் பின்னால் திரும்பவில்லை. பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் மூவரும் தங்களுக்குள் கும்பிட்டுக்கொள்வார்கள். முதல் வாரம் ஈவாஞ்சலின் அழுதாள். பிறகு அழவில்லை.

வீட்டில் ஜெபம் சொல்லும்போது, பிறர் பிழையை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் பிழையை மன்னியும் என்ற வரி வந்தால் கஸ்பாரின் வாய் நின்றுவிடும். பிளாரன்ஸும் மகளும் சொல்லிக் கடந்துபோவார்கள். பிறகு அவன் சேர்ந்துகொள்வான். அந்த வரியைச் சொல்ல அவனுக்கு நான்கு மாதம் ஆயிற்று. சொன்ன அன்றும் மனசு லேசாகிவிடவில்லை. ஆனாலும் மறுநாளும் சொன்னான்.

ஆறு மாதம் போனது. சோதனை குறைந்தது. புதுக் கம்ப்ரசர்கள் வந்தன. வள்ளங்கள் பழையபடி போயின.

வைகாசியில் ஒரு மத்தியானம், கஸ்பார் அளத்திலிருந்து சீக்கிரமே வந்து சோற்றுக்கு உட்கார்ந்த நேரம். வாசலில் பிரேமா வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. காலில் செருப்பில்லை. பிளாரன்ஸ் எழுந்து போய்க் கதவருகே நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, அண்ணனக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல அவுகளுக்கு இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு. ஒண்ணுக்குக்கூடப் போவ முடியல. வள்ளத்துல வழுக்கி விழுந்துட்டாருன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காவ. டாக்டரு எலும்புக்குப் பாக்காரு. எனக்கென்னமோ அவனுவ பொய் சொல்லுதானுவன்னு தோணுது. ஒருத்தனும் என் மொகத்தப் பாக்க மாட்டேங்கான்."

கஸ்பார் கையைக் கழுவினான். பிளாரன்ஸ் கொடியிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு பிரேமாவின் காலைப் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த தன் செருப்பை அவள் முன்னால் தள்ளினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே வள்ளத்தில் போன நால்வர் நின்றார்கள். அவர்களில் ஒருவன் வியாகப்பன். கஸ்பார் அவர்களைத் தாண்டி உள்ளே போனான். பிரேமாவின் கணவன் மிக்கேல் கட்டிலில் கிடந்தான். கஸ்பார் அவன் முழங்காலில் கிள்ளினான். மிக்கேலுக்குத் தெரியவில்லை. தோளில் கை வைத்தபோது மட்டும் வலியில் துடித்தான். இதற்கு முன் இரண்டு பேரை இப்படிக் கண்டிருந்தான் கஸ்பார். ஒருவன் இன்றும் படுக்கையில்தான் இருக்கிறான்.

அங்கே நின்ற பெண் டாக்டரிடம் சொன்னான்: "அம்மா, இது விழுந்த அடி இல்ல. ரொம்ப நேரம் அடியில கெடந்துட்டு வெடுக்குனு மேல வந்தா இப்படி ஆவும்."

டாக்டர் நிமிர்ந்தார். "டைவ் பண்ணினாரா? எவ்வளவு ஆழம்? எவ்வளவு நேரம்? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

கஸ்பார் வெளியே வந்தான்.

"எத்தன பாகம்? எம்புட்டு நேரம் கெடந்தான்?"

நால்வரும் தரையைப் பார்த்தார்கள்.

"என்கிட்டச் சொல்ல வேணாம். என்னயப் புடிக்கலன்னா போயிருதேன். உள்ள அந்த டாக்டரம்மாட்டச் சொல்லுங்க. இப்பச் சொன்னா அவன் நடப்பான். சொல்லலன்னா நாளைலருந்து நீங்கதான் அவனத் தூக்கிட்டுத் திரியணும்."

ஒருவன், "நீ ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்" என்று முன்னால் வந்தான். வியாகப்பன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"பதினஞ்சு பாகம்," என்றான். "மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கும். கம்ப்ரசரு நின்னு போச்சு. அதான் பதறி மேல வந்துட்டான்." கஸ்பாரைப் பார்க்காமல் அவனைக் கடந்து உள்ளே போய், டாக்டரிடமும் அதையே சொன்னான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மிக்கேலுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் எங்கெங்கோ போனில் பேசினார். இரண்டு மணி நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றி, அதற்கென்று வைத்தியம் செய்யும் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அவன் கம்பூன்றி நடந்து வந்தான். இடது கால் இன்னும் இழுக்கிறது. இனி முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிரேமா ஒருநாள் பிளாரன்ஸோடு ஏலக்கூடத்துக்கு வந்து, பிளாரன்ஸ் பெயரிலேயே ஒரு கூடை மீன் கேட்டாள். ஏலக்காரரால் மறுக்க முடியவில்லை. மற்றபடி தெருவில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கிரேசி இன்னும் கஸ்பாரிடம் பேசுவதில்லை. அவன் அதை அவளிடம் எதிர்பார்க்கவும் இல்லை. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வரும்போது தனக்கும் தண்டனை கிடைக்கலாம் என்று கஸ்பாருக்குத் தெரியும்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னதற்காக வியாகப்பனை அவன் சம்மாட்டி வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டார். ஆனி பிறந்த முதல் திங்களன்று அவன் உப்பள வாசலில் வந்து நின்றான்.

"டெலஸ்போர் செத்த அன்னைக்குக் கம்ப்ரசரக் கடல்ல போட்டது நாந்தான்னு நேத்து ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டேன்," என்றான். "வீட்டுல ஒரே சண்ட. பொண்டாட்டி பிள்ளையளக் கூட்டிட்டு அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. எலே கஸ்பாரு, இத எப்படிலே இத்தன மாசம் தாங்குன?"

கஸ்பார் யோசித்துப் பார்த்தான்.

"தெரியலடே. காலைல எந்திரிப்பேன், ஜெபம் சொல்லுவேன், இங்கன வருவேன். சில நாள் ஜெபம் வராது. அப்பவும் இங்கன வருவேன். ராத்திரி அவகிட்டப் போயிப் பேசு. ஒரு தரம் இல்ல, பத்து தரம் போ."

சுடலைக்கண்ணு அண்ணாச்சி வியாகப்பனை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், காலில் சுற்றிக்கொள்ள இரண்டு துணியை எடுத்துக் கொடுத்தார். எப்படிச் சுற்ற வேண்டும் என்று கஸ்பார் குனிந்து காட்டினான். பிறகு இருவரும் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய பாத்தியில் இறங்கினார்கள்.