வெள்ளியைக் காணோம்

கோலாலம்பூர் அடுக்குமாடி உச்சியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நகரத்து வெளிச்சத்தோடு மல்லுக்கட்டும் வானியல் சங்கத்தார், பிரேமலாவைப் பார்த்துப் பொருமினார்கள். அவளுக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றல். எத்தனை உயரம், எத்தனை இருட்டு!

வந்து பார்த்தால், சாயங்காலமானால் மலையே மூட்டத்துக்குள் போய்விடுகிறது. வெள்ளிக் கிரகம்கூடக் கண்ணில் படவில்லை.

"இன்னிக்கும் வெள்ளியக் காணோம்!" என்று தினமும் வாசலில் நின்று போனில் கத்தினாள்.

"இங்க பளிச்சுன்னு தெரியுது லா," என்று சங்கத்தார் வெறுப்பேற்றினார்கள்.

ஒருநாள் மூட்டம் விலகி, மேற்கே வெள்ளி தலைகாட்டியது. அவள் தொலைநோக்கியைத் திருப்புவதற்குள், பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு லயத்து வரிசை வீட்டு ஜனங்களோடு வந்து, டார்ச் அடித்துப் புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டாள். பிரேமலாவுக்குக் கண் கூசியது.

"என்னக்கா தேடுறீங்க?"

"உங்க வெள்ளியத்தான் டீச்சர். எத்தன ரிங்கிட்டு தொலைச்சீங்க?"

ரிங்கிட்டையும் இங்கே வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பிரேமலா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்ன வெள்ளி அதுதான்க்கா!" என்று வானத்தைக் காட்டினாள்.

அண்ணாந்து பார்த்த அம்மாக்கண்ணு வாயில் கைவைத்தாள்.

"அடக் கடவுளே! எம்புருஷந்தான் எடுத்திருப்பாருன்னு மூணு நாளா அந்த மனுசனுக்குச் சோறே போடலையே!"