ஐந்துக்கும் குறைவு

…ஐந்துக்கும் குறைவு, அவ்வளவுதான் அந்த இணையதளம் சொல்லும், அதற்கு மேல் வாயைத் திறக்காது, நான்கா மூன்றா என்றால் பதில் கிடையாது, எண்ணைப் போட்டால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்களாம், அதனால் இந்த நாட்டில் ஐந்து பேருக்குக் கீழே போய்விட்ட குடும்பப் பெயர்களுக்கு எண்ணிக்கை தருவதில்லை என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு சமாதானம்… மரினஸ் ரேகன்போர்ட் கைபேசியை அணைத்துத் தொடைமேல் கவிழ்த்து வைத்தான், பிறகு மறுபடி எடுத்தான், நகராட்சி அலுவலகத்தில் காத்திருக்கிற நேரத்துக்குள் எண் மாறிவிடப் போகிறதா என்ன, அவர்கள் சொல்லாவிட்டால் போகட்டும், அவனே சொல்லுவான், ஒன்று அவன், இன்னொன்று கடலோர ஊரில் முதியோர் இல்லத்து ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தன்னா அத்தை, மார்ச் மாதம் வரைக்கும் அப்பாவும் இருந்தார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற அவன் பையனைச் சேர்த்தால் மூன்று. சேர்த்தால்தானே.

மேல்சட்டையின் உள்பையில் அந்தக் காகிதம் இருக்கிறதா, தொட்டுப் பார்த்தான், இருக்கிறது, மனைவி யோரின் நேற்றுப் படுக்கையில் சாய்ந்தபடி ஊசி குத்தியிருந்த கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, பையனுக்கு என் குடும்பப் பெயரான லோர்கரிங் வைக்கச் சம்மதம் என்று. அடுத்த வாரம் இரண்டு பேருமாக இங்கே வந்து சொல்லிவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு, பையன் ஐந்து வாரம் முந்திக்கொண்டான், ரத்தப்போக்கு அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது, எழுந்து உட்காரவே இருவர் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிறந்த மூன்று நாளுக்குள் பதிந்தாக வேண்டும், இன்று கடைசி நாள். காகிதத்தைக் கொடுத்தால் லோர்கரிங். கொடுக்காவிட்டால்… கொடுக்காவிட்டால் வானம் ஒன்றும் இடிந்து விழாது, கல்யாணமானவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு வேறு ஏற்பாடு இல்லையென்றால் அப்பன் பெயர், அதுதான் சட்டம், அவன் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும், சும்மா இருப்பதைப் போய் யாராவது குற்றம் என்பார்களா? இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டச் சட்டம் இன்னும் விடவில்லை. மூத்ததற்கு எந்தப் பெயரோ அடுத்துப் பிறப்பவற்றுக்கும் அதுவே, எழுதியபின் மனசு மாறிவிட்டது என்று வந்து நின்றால் வாசலைக் காட்டுவார்கள்.

“என்ன மாப்ள, நெஞ்ச நெஞ்சப் புடிக்கிற, வலிக்குதா?” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த டோன். இல்லை என்று தலையாட்டினான். டோன், யோரின் வீட்டார் பண்ணைக்கு முதல் பக்கத்து வீட்டுக்காரர், இந்தப் பக்கத்தில் முதல் பக்கத்து வீடு என்றால் சும்மா இல்லை, பிறப்புக்கும் சாவுக்கும் கூடவே வந்து நிற்கக் கடமைப்பட்டவர்கள், நீ தூங்காத கண்ணோட வண்டி ஓட்டிப் பள்ளத்துல விட்டா யோரினுக்கு யாரு பதில் சொல்றது என்று சொல்லித் தன் வண்டியிலேயே கூட்டி வந்தார், வழியெல்லாம் வாய் ஓயவில்லை. பையன் பிறந்த அன்று சாயங்காலமே பண்ணை முகப்பில், பிள்ளை பிறந்த வீட்டுக்கு அடையாளமாக நடுகிற மரநாரை நின்றுவிட்டது, டோனும் அவர் மகன்களும் வெட்டி வண்ணமடித்து நட்டது, அதன் அலகில் தொங்கும் பலகையில் யோஸ்ட் லோர்கரிங் என்று நீல எழுத்து. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, லோர்கரிங் பண்ணையில் பிறந்தது லோர்கரிங், அவர்களுக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல. அதைப் பார்த்தபோது நன்றி டோன்ண்ணே, ரொம்ப அழகா இருக்கு என்று வாய் சொன்னது.

அவனையே அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், லோர்கரிங் மரினஸ், ஏழு வருஷமாக… ரொட்டிக் கடையில் பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லி வைத்தால் பெட்டிமேல் லோர்கரிங் என்று எழுதியிருக்கும், கால்பந்து சங்கத்தில் லோர்கரிங், மாட்டு வைத்தியரின் கைபேசியில் லோர்கரிங், முதலில் திருத்தினான், நான் ரேகன்போர்ட் என்று, ஓ அப்படியா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மறுநாள் லோர்கரிங் என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பழைய நாளிலிருந்தே இங்கே பெயர் மண்ணுக்குத்தான், ரத்தத்துக்கு இல்லை, பண்ணைக்கு மாப்பிள்ளையாக வருபவன் தன் பெயரை வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவான், சேறு பட்ட செருப்பைக் கழற்றுவது மாதிரி. மாமனார் பெரண்ட் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், “எங்க தாத்தாவுக்குத் தாத்தாவும் வேற பேரோட வந்தவர்தான்யா, என்ன கெட்டுப்போச்சு, நெலம் நல்லாத்தானே வெளையுது?” யோரின் மாசமானதும் அந்த நீளச் சமையலறை மேஜையில் எல்லோரும் காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது பெரண்ட் நேராகக் கேட்டார், பேரு நம்ம பேருதானே? எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், யோரின் மட்டும் பார்க்கவில்லை, அவள் விரல் மேஜையில் சிந்திய சர்க்கரையை ஒதுக்கிக்கொண்டிருந்தது, அவன் ஆமாம் என்றான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். அன்று இரவு அவள் கேட்டாளே, நெஜமாவா, உனக்கு வருத்தம் இல்லையே என்று, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், ஒரு பேரு, அதுல என்ன இருக்கு என்று பெரிய மனுஷன் மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டான், முட்டாள்.

அதுல என்ன இருக்கு… அப்பாவைக் கேட்டால் ஒரு கோட்டையே இருக்கிறது என்பார். ரேகன் என்றால் மழை, போர்ட் என்றால் கோட்டை வாசல், ஸ்பெயின்காரன் முற்றுகையின்போது கொட்டுகிற மழையில் வாசலை விட்டு நகராமல் நின்ற தளபதியின் வம்சம் நாம் என்பார், சிப்பி அள்ளும் படகில் முப்பது வருஷம் முதுகு ஒடிந்த மனிதர் அவர், பிறந்தநாள் வீடுகளில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார், தளபதி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் உயரமாவார். அது உண்மையா என்று பார்க்கத்தான் மரினஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போனான், போகாமல் இருந்திருக்கலாம், தளபதியும் இல்லை, முற்றுகையும் இல்லை, ஒரு மழைக்காலைப் பொழுதில் தெற்கு வாசலில் ஒரு கூடை, கூடைக்குள் ஒரு ஆண் குழந்தை, யார் பெற்றது என்று தெரியாது, காவல்காரன் தூக்கிக்கொண்டு போய் நகர அலுவலகத்தில் கொடுத்தான், பெயரில்லாத பிள்ளைக்கு எழுத்தர் ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது, வெளியே மழை, கிடைத்த இடம் வாசல், முடிந்தது வேலை. அந்த ஒரு கூடையிலிருந்து வந்தவர்கள்தான் அத்தனை பேரும், அதனால்தான் வேறெங்கும் இல்லை, ஒரு காலத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்திருக்கிறார்கள், வெள்ளத்தில் கொஞ்சம், போரில் கொஞ்சம், மீதி பெண்களாகப் பிறந்து வேறு பெயர்களுக்குள் போய்விட்டார்கள்.

அப்பாவிடம் அதைச் சொன்னபோது கோபப்படுவார் என்று பயந்தான், அவர் சிப்பி ஓட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “வச்சவன் நல்லாத்தான் வச்சிருக்கான், மழ நாளாப் போச்சு, சாணி கெடந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்” என்றார். கடைசி வாரத்தில், மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிய பிறகு, பையனுக்கு லோர்கரிங் என்று ஒப்புக்கொண்டதை மரினஸ் அவர் காதருகே குனிந்து சொன்னான், சொல்லாமலே விட்டிருக்கலாம், ஆனால் அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. “போனா போவட்டும்டா, கூடையில வந்தது கூடையில போவுது, புள்ள நல்லாப் பொறந்தாச் சரி.” போனா போவட்டும் என்றுதானே சொன்னார், முகத்தில் வருத்தம்கூட இல்லை, தூக்கம்தான் இருந்தது… அப்புறம் எதற்கு இந்த நாலு மாசமாகப் படுத்தால் அந்த இணையதளம், எழுந்தால் அந்த இணையதளம்?

திரையில் அவன் எண் வந்தது, டோன் முழங்காலைத் தட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் எழுந்துவிட்டார். “வா மாப்ள, எங்கப்பா காலத்துல பக்கத்து வீட்டுக்காரந்தான் போயிச் சொல்லுவான், பெத்தவன் குடிச்சிட்டுக் கெடப்பான்.” அவரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா, என்ன காரணம் சொல்வது, நீங்க இங்கேயே இருங்க என்றால் ஏன் என்று கேட்பாரே… கூடவே வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் வாழ்த்துச் சொன்னாள், அம்மாவும் பிள்ளையும் நலமா என்றாள், அவனுடைய அட்டையை வாங்கினாள், மருத்துவமனைச் சீட்டை வாங்கினாள், தட்டினாள். அவன் கை தானாக உள்பைக்குப் போயிற்று. காகிதத்தின் ஓரம் விரலில் பட்டது. யோஸ்ட், ஆண், அம்மா பெயர் யோரின் லோர்கரிங், சரியா, சரி. “குடும்பப் பேரு விஷயமா ஏதாவது சொல்லணுமா சார், இல்ல வழக்கம்போல அப்பா பேருதானா?”

கேட்டுவிட்டாள், கேட்க மாட்டார்கள் என்று நினைத்தான். டோன் அவன் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது, அந்த மூச்சு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது, யோரினின் கையில் நீலம் பாய்ந்த ஊசித்தடம், மேஜையில் அவள் ஒதுக்கிய சர்க்கரை… காகிதத்தை எடு, வைத்துவிடு, இரண்டு நொடி வேலை… தலை அசைந்தது. மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை. அவள் தட்டினாள், திரையைப் பார்த்துப் படித்துக் காட்டினாள், “யோஸ்ட் ரேகன்போர்ட். அழகான பேரா இருக்கே, நான் கேள்விப்பட்டதே இல்ல. எல்லாம் சரின்னா இங்க கையெழுத்துப் போடுங்க.”

இன்னும் நேரம் இருக்கிறது, பேனா மேஜையில்தான் இருக்கிறது, ஒரு நிமிஷம் மேடம் என்றால் போதும். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான், அப்பா கேட்கவில்லை, தளபதிக்காகவா, அப்படி ஒருவன் இல்லவே இல்லை, கூடைப் பிள்ளைக்கு இனி யார் எப்படி அழைக்கப்பட்டால் என்ன, செத்த பெயர் ஒன்று இணையதளத்தில் மறைந்தால் யாருக்குப் பசிக்கப் போகிறது… பின்னே யாருக்கு? அந்த நீள மேஜை கண்ணுக்குள் வந்தது, அத்தனை லோர்கரிங்குகளும் ஒரே மாதிரித் தாடையோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரிக்கிற மேஜை, அதன் ஓரத்தில் எந்தச் சிரிப்புக்கும் அரை நொடி தாமதமாகச் சிரிக்கும் அவன். அவனுக்கு அங்கே ஒரு ஆள் வேண்டும். அவன் பக்கத்துக்கு ஒரு ஆள், அவ்வளவுதான், இரண்டரைக் கிலோகூட இல்லாத ஒருத்தனைத் தன் கட்சிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் சூடாகி வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

டோன் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, மருத்துவமனைச் சாலைக்குத் திரும்பும்போது சைகை விளக்கைப் போட்டார், அணைத்தார், அவ்வளவுதான், ஏசினால் நன்றாயிருக்கும், கேட்டால் பதில் சொல்லலாம், அந்த மனிதர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை. கைபேசி அடித்தது. யோரின். அவள் குரல் வண்டிக்குள் இருவருக்கும் கேட்டது, மெலிந்து போன குரல், ஆனால் சிரிப்பு இருந்தது. “முடிஞ்சுதா?” முடிஞ்சுது என்றான். “இங்க பாரு, அவன குழாயெல்லாம் எடுத்துட்டு என் மேல போட்டுட்டாங்க, எலிக்குஞ்சு மாதிரி இருக்கான், கண்ண முழிச்சு முழிச்சுப் பாக்குறான், சீக்கிரம் வா.” வரேன் என்றான். அவள் வைக்கவில்லை, மூச்சு கேட்டது, பையன் பூனை மாதிரி முனகுவது கேட்டது, இப்போது கேட்பாள், என்ன பெயர் எழுதினாய் என்று இப்போது கேட்பாள், கேட்டால் சொல்லிவிடுவான், கட்டாயம் சொல்லிவிடுவான்… அவள் பையனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள், அப்பா வராரு, அப்பா வராரு என்று. அவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவனைச் சந்தேகப்பட்டுக் கேட்டவள் இல்லை என்பது மரினஸுக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தப் பண்ணையில் அவன் பக்கத்துக்கு இத்தனை நாளும் ஒரு ஆள் இருந்திருக்கிறாள்.