துக்க வீட்டுக்கு அடித்த வாழ்த்து அட்டை

வழக்கமாகத் தீபாவளி நெருங்கினால் தாட்சாயினியின் போன் ஓயாது. இந்த வருஷம் அது மூச்சுக் காட்டவில்லை. மார்ச் மாதம் கணவர் மகேந்திரராஜா போய்விட்டார். ஆண்டுத் திவசம் முடியும்வரை அந்த வீட்டுக்கு யாரும் வாழ்த்துச் சொல்லக்கூடாது. இதற்குப் பெயர் மரியாதை. மரியாதை செய்கிறோம் என்று சொல்லி, நம் சனம் ஒரு மனுஷியை சிட்னியின் நார்த்மீட்டில் கதைக்க ஆளில்லாமல் விட்டுவைத்திருந்தது. மகன் நிதுஷன் பெர்த்திலிருந்து ஞாயிறு தோறும் போன் எடுப்பான். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்பான். ஓகே என்றால் வைத்துவிடுவான்.

மிச்சமிருந்தது வேலைதான். ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பழைய வாழ்த்து அட்டைகளைப் படமெடுத்து, கீழே நாலு வரி விவரம் எழுத வேண்டும். எல்லாம் ப்ரூக்னர் என்ற ஜெர்மன்காரர் ஒரு காலத்தில் சிட்னியில் அடித்தவை. கல்லச்சு வேலை; ஒவ்வொரு நிறத்துக்கும் படம் வரைந்த ஒரு சுண்ணக்கல். ஒரு ரோஜாவுக்கே பத்துப் பன்னிரண்டு கல்லில் மாறி மாறி ஒற்றியெடுக்க வேண்டும். டிசம்பர் வெயிலில் வியர்த்து வழிந்த சனத்துக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தென்று மனிதர் முதலில் பனிக்காட்சிகளை விற்றார். அதையும் வாங்கினார்கள். பிறகுதான் கங்காரு, அந்த நாட்டு மஞ்சள் வாட்டில் பூ, தபால் அட்டை எல்லாம்.

ஒருநாள் சாம்பல் நிற அட்டை ஒன்று கையில் வந்தது. மணி இல்லை, பனி இல்லை, ஒரு வாட்டில் கிளை மட்டும். பொறுப்பாளர் ஹெலன் அதன் கதையைச் சொன்னாள். ப்ரூக்னர் இறந்த வருஷம் அவர் அடித்த அட்டைகள் ஊரெல்லாம் வீடு வீடாகப் போயின. அவர் வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. துக்க வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். மறுவருஷம் அச்சகத்தை நடத்திய அவர் மனைவி, துக்க வீடுகளுக்கென்றே இதை அடித்தாள். கடைக்காரர்கள் தொடவில்லை. பெட்டி நிறையக் கிடக்கிறது, வேண்டுமானால் ஒன்று எடுத்துக்கொள் என்றாள் ஹெலன்.

தாட்சாயினி ஒன்றை எடுத்துக்கொண்டாள். வெள்ளைக்காரியும் இப்படித்தான் பட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது ஆறுதலைவிடக் கோபம்தான் கூடுதலாக வந்தது.

ப்ளாக்டவுனில் தெரிந்தவள் யோகா அக்கா இருந்தாள். அவளுடைய கணவரும் ஜூனில் போனவர். செத்தவீட்டில் கண்டதுதான்; அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்துவிட்டார்கள். அவளுக்கு அனுப்பலாமென்று அட்டையை எடுத்து வைத்தால் வாழ்த்துக்கள் என்று எழுதக் கை வரவில்லை. தன் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டாள். போட்ட பிறகுதான் பயம் பிடித்தது. துக்க வீட்டுக்கு வாழ்த்து அனுப்பினவள் என்று கதை பரவினால், இருக்கிற நாலு பேரும் இல்லாமல் போய்விடுவார்கள்.

தீபாவளியன்று காலையில் போனைப் பார்த்தாள். மத்தியானமும் பார்த்தாள். பின்நேரம் வாசல் மணி அடித்தது. யோகா அக்கா நின்றாள். கையில் அந்த அட்டை, முகம் உர்ரென்று.

"உனக்கென்ன விசரே? துக்க வீட்டுக்கு ஆரும் கார்ட் அனுப்புவினமோ?"

"பிழையெண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"ஏசிப்போட்டுப் போகத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தனான்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "விடியத்திலயிருந்து எனக்கு ஒருத்தரும் போன் எடுக்கேல்லை."

"எனக்கும்தான்."

"தேத்தண்ணி போடு."

ஏசிவிட்டுப் போக வந்தவள் இருட்டும்வரை போகவில்லை. போய்ச்சேர்ந்த இரண்டு ஆண்களின் குறட்டையையும் பிடிவாதத்தையும் வஞ்சகமில்லாமல் கதைத்தார்கள். இடையில் சிரித்தும்விட்டார்கள். பிறகு தாட்சாயினி பஸ் தரிப்பிடம்வரை கூடப் போனாள். அக்கா அட்டையைத் திருப்பித் தந்துவிடுவாளோ என்று அவளுக்கு இன்னும் பயம்தான். அக்கா அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அடுத்த வருசம் உனக்கு எல்லாரும் அனுப்புவினம். அப்ப என்னை விட்டிடாதை."