ஒலிபெருக்கியில் பதினொரு பெயர்கள்

விடிந்ததும் எங்கள் ஊர்த் தலைவர் தொங்சுக், புத்தர் கோயில் திருவிழாவை அறிவிக்கும் அதே குரலில் ஒலிபெருக்கியில் பதினொரு பெயர்களை வாசித்தார்.

"இதெல்லாம் கெட்டுப்போற நிலையில இருக்கிற பிள்ளைங்க. பிள்ளைங்களா, உங்க தேவையைக் கேக்க பாங்காக்லேருந்து அதிகாரியம்மா வந்திருக்காங்க. ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு வந்துடுங்க."

நான்காவது பெயர் என்னுடையது. ஊரே கேட்டது. இந்த மனிதரைப் படைத்தவன் மூளையை வைக்க மறந்துவிட்டு, தொண்டையை மட்டும் தாராளமாக வைத்திருக்கிறான்.

மண்டபத்துக்கு நான் ஒருத்திதான் போனேன். அதிகாரியம்மா அதற்குள் படிவத்தில் 'இளைஞர்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதிவிட்டு, தலைவர் வீட்டுக் கோழியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்னம்மா தேவை?"

"தலைவர் தன் பையன் பேரையும் வாசிக்கணும். நாங்க போதை மாத்திரை வாங்குறது அவன்கிட்டதான். மைக்கு இன்னும் சூடு ஆறியிருக்காது."