எதிர்க்கரையில் மாரென்

மூன்றாவது தடவையும் கல்லை எறிந்துவிட்டு மாரென் தண்ணீரோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அது நிஜக் கல் இல்லை. ஸ்பாஞ்சில் வெட்டிச் சாம்பல் நிறம் அடித்தது, ஒரு கொசுவைக்கூடக் காயப்படுத்தாது. படத்தின் கடைசிக் காட்சி அது. தான் தூக்கி வளர்த்த பீவரை, ஓடையில் கொப்புகளால் அணை கட்டி வாழ்கிற அந்த மிருகத்தை, சிறுமி குளத்தில் விட்டுவிட்டு, 'போ, போயிடு' என்று கத்திக் கல்லெறிந்து விரட்ட வேண்டும். அது எதிர்க்கரையைப் பார்த்து நீந்திப் போக, இவள் முதுகு தெரிய நின்று பார்க்க வேண்டும். பின்னால் இசை வரும், சனங்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். ஆனால் பீவராக நடித்த வாஃபிள் மூன்று தடவையும் பத்தடிதான் போயிற்று. அந்தத் தட்டை வாலைத் தூக்கித் தண்ணீரில் பளாரென்று ஓர் அறை அறைந்து, முங்கி, திரும்ப அவள் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே எழுந்து மூக்கை நீட்டியது.

இயக்குநர் ஹாமிஷ் நல்ல மனுஷன்தான், பசித்தால் மட்டும் கொஞ்சம் கோணல். அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வானத்தையும் மாரெனின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தது பனி வரப்போகிறது என்பதால். குளத்தின் ஓரமெல்லாம் அப்போதே கண்ணாடிச் சில்லு மாதிரி ஐஸ் கட்ட ஆரம்பித்திருந்தது. வாயைப் பார்த்தது அவளுடைய முன்பல் ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்ததால். ஒன்பது வயதுக் குழந்தையை வைத்துப் படம் எடுத்தால் பல்லுக்கும் பயப்பட வேண்டும். மறுநாள் மாரெனும் அவள் அம்மா ஜுடித்தும் டொராண்டோவுக்குக் கிளம்புகிறார்கள். ஆக, அன்று விட்டால் அந்தக் காட்சி கிடையாது.

"லொரேன், அது எதுக்கு வாலை அடிக்குது?" என்று மாரென் என்னைக் கேட்டாள்.

நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாகச் சினிமாக்காரர்களுக்கு மிருகம் வளர்த்துக் கொடுக்கிறேன், பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "ஆபத்து வந்தா தன் குடும்பத்துக்குச் சொல்லும். ஒளிஞ்சுக்கோ, ஒளிஞ்சுக்கோன்னு" என்றேன்.

அவள் தண்ணீரில் மிதந்த ஸ்பாஞ்சுக் கல்லைப் பார்த்தாள். பிறகு, "நான் கல்லெறியறேன். அது என்னை ஒளிஞ்சுக்கச் சொல்லுதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். படத்துக்காக அவள் அழுகிற அழகான அழுகையை நான் மூன்று மாதமாகப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை, மூக்கெல்லாம் ஒழுகுகிற அழுகை. இனிமேல் எறிய மாட்டேன், யார் சொன்னாலும் எறிய மாட்டேன் என்றாள். ஜுடித் வந்து பக்கத்தில் குந்தி, ஒரே ஒரு தடவை கண்ணு என்று கெஞ்சினாள். நீங்க என்னை அப்படி விரட்டுவீங்களாம்மா என்று மகள் திருப்பிக் கேட்டதும் ஜுடித் எழுந்து வேன் பக்கம் போய் அங்கேயே நின்றுகொண்டாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான் போட்ட விதி. ஜூன் மாதம் யாரோ பீவர்கள் கட்டிய ஓர் அணையைப் பிரித்துப் போட்டதில் தாயை இழந்து, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் வாஃபிள் என்னிடம் வந்தது. வாலில் வாஃபிள் பலகாரம் மாதிரி கட்டம் கட்டமாக இருந்ததைப் பார்த்து மாரென்தான் அந்தப் பெயரை வைத்தாள். கேமரா முன்னால் பீவர் ஒரு குழந்தையிடம் ஓடி வர வேண்டுமென்றால், அந்தக் குழந்தை ஒருத்திதான் அதற்கு எல்லாமாக இருக்க வேண்டும். பால் புட்டி, இலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் மாரென் கையால்தான். நான் கூண்டுக்குள் போனால் வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு வேலைக்காரி மாதிரி வெளியே வந்துவிட வேண்டும். நானே போட்ட விதி, நானே கடைப்பிடித்தேன். வெளியே பலகையில் உட்கார்ந்து, உள்ளே அவள் அதனிடம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது 'ம்ம்ம், ம்ம்ம்' என்று முனகும், அவளும் அதே மாதிரி முனகுவாள். அவளுடைய கணக்குப் புத்தகம், ஜுடித்தின் ஒற்றைச் செருப்பு, ஒன்பது காலுறைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் அணை கட்டி வைத்தது ஒருநாள். இரண்டு பேரும் அணைக்கு உள்பக்கம் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பொறாமையாகவும் இருந்தது. எத்தனையோ கரடிக்குட்டியும் நரிக்குட்டியும் என் மடியில் வளர்ந்திருக்கின்றன. இந்தப் பயல் என்னை ஏறிட்டும் பார்த்ததில்லை.

இப்போது அந்த விதியே எங்கள் தலையில் விடிந்தது. ஹாமிஷ் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "லொரேன், கிழங்கைக் காட்டிக் கூப்பிடேன், உனக்குத் தெரியாததா?" என்றார். நான் படகில் எதிர்க்கரைக்குப் போய்க் கிழங்கைக் காட்டினேன், அதற்குப் பிடித்த பாப்ளர் மரக் கொப்பை இளசாக ஒடித்து ஆட்டினேன். வாஃபிள் மாரென் பக்கத்திலேயே நின்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் நின்ற இருபது பேர் முன்னால் என் முப்பது வருஷ மானமும் போயிற்று.

திரும்பி வரும்போது படகில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது மாரெனை விட்டுப் போகாது, சரி. மாரெனிடம் போகும் இல்லையா? அப்படியானால் மாரென் எதிர்க்கரையில் புதருக்குப் பின்னால் இருந்து கூப்பிடட்டும். இந்தக் கரையில் மாரென் மாதிரி யாராவது முதுகைக் காட்டி நின்றால் போதும். ஹாமிஷ் என் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். அப்புறம்தான் யார் நிற்பது என்று கேள்வி வந்தது. மாரெனுக்கு மாற்றாக நிற்கிற பெண் இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். ஜுடித் நெட்டை, மற்றவர்கள் எல்லாரும் ஆறடி ஆம்பிளைகள். ஒவ்வொருவராகத் திரும்பி, கடைசியில் எல்லோர் கண்ணும் என்மேல் வந்து நின்றது. என் உயரம் நாலடி பத்து அங்குலம், வயது ஐம்பத்தெட்டு.

மாரெனின் சிவப்புக் கோட்டுக்குள் என்னைத் திணித்தார்கள். முன்னால் பொத்தான் போட முடியவில்லை, முன்பக்கம் தெரியப் போவதில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். நரைமுடியைக் கம்பளித் தொப்பிக்குள் தள்ளி இழுத்துவிட்டார்கள். ஆயுசில் ஒரே ஒரு தடவை சினிமாவில் தலைகாட்ட வாய்ப்பு, அதிலும் தலை இல்லை, முதுகுதான். என்னைப் பார்த்து மாரென் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள், பல் ஆடியது, ஹாமிஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

படகில் ஏறும் முன்பு அவள் என் பக்கத்தில் வந்தாள். "நாளைக்கு அது என்னைத் தேடுமா?" என்று கேட்டாள்.

"தேடும்."

"உங்க கையால சாப்பிடுமா?"

"தெரியலடா. எனக்கும் அதுதான் பயமா இருக்கு" என்றேன்.

அந்தப் பயம் என்னவென்று அவளிடம் நான் விரித்துச் சொல்லவில்லை. பீவர் குட்டி இரண்டு வருஷம் குடும்பத்தோடு இருக்கிற ஜாதி. படத்தில் காட்டுகிற மாதிரி இதைக் காட்டில் விட முடியாது, நாயைக் கண்டாலும் வேட்டைக்காரனைக் கண்டாலும் கிழங்கு கேட்டுப் பக்கத்தில் போய் நிற்கும். என் வீட்டுக் குளம்தான் இனி அதற்கு. ஆனால் வளர்த்த ஆள் போய்விட்டால் சில குட்டிகள் தின்பதை நிறுத்திவிடும். எட்டு வருஷம் முன்பு ஒன்று அப்படி மூலையைப் பார்த்து உட்கார்ந்து, என் கண்முன்னாலேயே பன்னிரண்டு நாளில் போய்விட்டது. புட்டியை நீட்டி நீட்டி என் கைதான் ஓய்ந்தது. மாரென் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளிடம் வாயால் மறைத்து என்ன பிரயோஜனம்? வேறெதுவும் கேட்காமல் படகில் ஏறிக்கொண்டாள்.

அவள் புதருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் வாஃபிளை என் காலடியில் விட்டார்கள். கோட்டின் ஓரத்தை மோந்து பார்த்தது. அவள் வாசனை இருந்திருக்கும், ஆசையாக நிமிர்ந்தது. மேலே என் கிழட்டு முகம். அப்படி ஓர் ஏமாற்றத்தை எந்த மிருகத்தின் கண்ணிலும் நான் பார்த்ததில்லை. அப்போது எதிர்க்கரையிலிருந்து அந்த முனகல் வந்தது, 'ம்ம்ம், ம்ம்ம்' என்று. வாஃபிளின் காது ஆடியது. அவ்வளவுதான், தண்ணீரில் இறங்கியது, கத்தரியால் துணியை வெட்டுகிற மாதிரி குளத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நேராகப் போயிற்று. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அசையாமல் நில், திரும்பாதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நின்றேன். ஆனால் தோள் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியும்: அது அவளிடம் அப்படி ஆசையாகப் போனதற்கு, நாளைக்கு அவள் இருக்க மாட்டாள் என்று அதற்குத் தெரியாததற்கு. படம் வந்த பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் சொல்கிறார்கள், அந்தப் பெண் முதுகாலேயே நடித்துவிட்டாள் என்று. அது பிரிந்து போகிறது என்று நினைத்து அழுகிறார்கள். பிரிவு அதற்கப்புறம்தான் இருந்தது, அது படத்தில் இல்லை.

ஹாமிஷ் கட் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள், ஒருத்தர் விசில் அடித்தார். எதிர்க்கரையில் மாரென் புதரிலிருந்து வெளியே வந்திருந்தாள். வாஃபிள் அவள் மடியில் ஏறிச் சட்டையெல்லாம் ஈரமாக்கிக்கொண்டிருந்தது. அவர்களைக் கூட்டி வரப் படகை அவிழ்த்தார்கள்.

"வேண்டாம்" என்று அவள் அங்கிருந்து கத்தினாள். "லொரேன், இப்ப நீங்க கூப்பிடுங்க."

படகுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நாலு மாதமாக நான் அதனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுடைய அந்த முனகல் எனக்கு வராது, வந்தாலும் அது அவர்கள் இரண்டு பேருக்குமானது. மாரென் வாஃபிளைத் தூக்கி, நெற்றியில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். பிறகு தண்ணீரில் இறக்கி, என் பக்கமாகத் திருப்பிவிட்டு, இரண்டு அடி பின்னால் போனாள். விரட்டவில்லை. கையைக்கூட வீசவில்லை.

நான் அந்தச் சின்னக் கோட்டோடு சேற்றில் மண்டியிட்டேன். "வாடா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "வாடா வாஃபிள். இங்க வாடா ராஜா."

அது பாதிக் குளம் வரை வந்தது. நடுவில் நின்றது. தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, என்னைப் பார்த்தது, பிறகு மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தது. 'ம்ம்ம்' என்று ஒரு தடவை முனகியது, பதிலுக்குக் காத்திருந்தது. பனி விழ ஆரம்பித்திருந்தது. நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன். எதிர்க்கரையில் மாரென் இரண்டு கையாலும், ஒன்றின்மேல் ஒன்றாக, தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றாள்.