வெற்றிடப் பானைக்குப் பொட்டு

ஒக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூசை. பட்டறையில் வெற்றிடப் பானைக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். பிழைதான். நகத்தளவு பிழை.

எங்கள் பொதுப் பட்டறை கியூபெக்கின் அஹுன்ட்சிக் பகுதியில், ஒரு கட்டடத்தின் நிலக்கீழில் இருக்கிறது. அங்கே மாலை வகுப்பில் அச்சு வார்க்கப் பழகுகிறேன். கலக்கிய சிலிக்கோனைப் பானைக்குள் வைத்து, கண்ணாடி மாதிரியான தடித்த மூடியைப் போட்டு, பம்பால் காற்றை உறிஞ்சினால் குமிழிகள் பொங்கி உடையும். எல்லாருக்கும் பானை ஒன்றுதான். மூடியின் நடுவில் பொட்டு வைத்தால் உள்ளே பார்க்க மறைக்கும் என்று யோசித்து, விளிம்பில் வைத்தேன். யோசிக்காமல் வைத்திருக்கலாம்.

இன்று நான் போனபோது பம்ப் கத்திக்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள் பாதியில் நின்றது. பட்டறைப் பொறுப்பாளர் ஜெராட் அண்ணன், மட்டக்களப்புக்காரர், முள்ளைப் பார்க்கவில்லை. தனோஜன் அண்ணையைப் பார்த்தார்.

"திரும்பவும் மோர்மிளகாயா?"

போன மாதம் தனோஜன் அண்ணை மோர்மிளகாயைப் பானைக்குள் வைத்துக் காயவைக்கப் பார்த்தார். ஈரமெல்லாம் பம்புக்குள் போய், எண்ணெய் பால்தேத்தண்ணி மாதிரி வந்தது. இன்னொரு தடவை நடந்தால் பானைப் பக்கமே வரக்கூடாது என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. அவர் இடியப்ப உரலுக்குச் சிலிக்கோன் கைப்பிடி செய்து புரோசார்ட்டில் இருக்கும் கடையொன்றுக்குக் கொடுக்கிறவர். பானை இல்லையென்றால் அந்தத் தொழிலும் இல்லை.

"சத்தியமா நான் இல்லை அண்ணை. வேணுமெண்டா மணந்து பாருங்கோ."

"மணந்துதான் பார்த்தன். சந்தனம் மணக்குது. மிளகாய்க்குச் சென்ட் அடிச்சியா?"

முதலில் குழாயைச் சோதித்தேன். பிழை குழாயில் இருக்கவேண்டும் என்று விரும்பினேன். குழாயில் ஒன்றுமில்லை. மூடியைத் தூக்கினேன். அந்த மூடிக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று கிடையாது. நேற்று போகும்போது நானே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காய்ந்த பொட்டு ரப்பர் வளையத்தின் மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது. அந்த இடைவெளியால்தான் காற்று நுழைந்திருக்கிறது.

சத்தமில்லாமல் சுரண்டிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் ஜெராட் அண்ணன் பானை அறைச் சாவியைக் கேட்டுத் தனோஜன் அண்ணையிடம் கை நீட்டிவிட்டார்.

"அது நான்," என்றேன். "ஆயுத பூசைக்குப் பொட்டு வைச்சனான்."

"பானைக்கா?"

"பலகை அரியிற வாளுக்கும் வைச்சனான்."

"வாள் சரி. பானைக்குள்ள என்ன புள்ள இருக்கு? காத்துக்கூட இல்ல. ஒண்டுமே இல்லாததுக்கு எதுக்குப் பொட்டு?"

தனோஜன் அண்ணை சாவியை இறுகப் பொத்திக்கொண்டார். "பாத்தியளே அண்ணை! நான் மிளகாய் வைச்சா குற்றம். லோஜினி வைச்சா பக்தி."

"ரெண்டும் குப்பை. பட்டறைக்குள்ள சாப்பாடும் வேணாம், சாமியும் வேணாம்," என்று சொல்லியபடி ஜெராட் அண்ணன் பம்பில் கை வைத்தார். சுட்டது. கையை உதறினார்.

தனோஜன் அண்ணை குனிந்து பம்பின் பின்பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை.

"அண்ணை, சூடு போற துவாரத்தை அடைச்சுக்கொண்டு இங்க அந்தோனியார் நிக்கிறார்."

"பற்றிக் ஒட்டியிருப்பான்," என்றார் ஜெராட் அண்ணன்.

பற்றிக் எங்களுக்குத் தச்சுவேலை சொல்லித்தரும், பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர். படத்தின் கீழே 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று தமிழில் எழுதியிருந்தது.

தனோஜன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்தானே. வெற்றிடத்தைத் தேடிக்கொண்டு நிண்டிருப்பார்."

ஜெராட் அண்ணன் படத்தை மெதுவாக உரித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "சாவி உன்னட்டையே இருக்கட்டும்," என்று தனோஜன் அண்ணையிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "துப்புரவு உன்ர வேலை."

பொட்டு வைத்தது பிழையா, வைத்த இடம் பிழையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாளை மாலை: ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பம்ப் எண்ணெயை மாற்றவேண்டும். துவாரத்தில் அந்தோனியார் விட்டுப்போன பசையைச் சுரண்டவேண்டும். மூடியில் 'மேல்' என்று எழுதவேண்டும்.