இடுப்பில் மூன்று கோடுகள்

"அங்க தேய்க்காதீங்க சித்தி!" மகள் பாய்ந்து கையைப் பிடித்தாள்.

சித்தியின் சோப்புக் கை அம்மாவின் இடுப்பருகே நின்றது. அம்மா இறந்து மூன்று மணி நேரமாகியிருந்தது.

"இனிமே இது எதுக்குடி?"

ஊதா மையில் மூன்று கோடுகள். புற்று இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. அரிசியைவிடச் சிறிய கதிரியக்க விதைகளை ஊசி வழியே உள்ளே வைத்தால் வலி குறையும் என்றார்கள். எத்தனை விதை, எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று திட்டமிட ஸ்கேன் எடுத்தார்கள். அன்று கோடு போட்டவன், "அழியாம பாத்துக்கங்க" என்றான். எத்தனை நாளைக்கு என்று மகள் கேட்கவில்லை.

ஒன்பது நாள் அவள் அம்மாவைக் குளிக்க விடவில்லை. முகத்தையும் கைகால்களையும் மட்டும் துடைத்தாள். காலையும் மாலையும் டார்ச் அடித்துக் கோடுகளைச் சரிபார்த்தாள்.

அம்மா முப்பது வருடம் சலவைக் கடையில் கறை எடுத்தவள். "என்கிட்ட விடு, ரெண்டே நிமிஷத்துல எடுத்துக் காட்டறேன்" என்று முதலில் சிரித்தாள். நான்காம் நாள், "என் நாத்தம் எனக்கே தாங்கல. ஒரு சொம்பு தண்ணி ஊத்துடி" என்றாள்.

"விதை வெச்சப்புறம் நாளெல்லாம் குளிச்சுக்கோம்மா."

நேற்று மதியம் அம்மா குளியலறைவரை தவழ்ந்து போயிருந்தாள். மகள் குழாயை மூடிவிட்டு, அவளைத் தூக்கி வந்து படுக்க வைத்தாள். குளியலறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ எனக்குப் பொண்ணா, போலீஸா?" என்றாள் அம்மா. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"பிளான் ரெடி. நாளைக்கு வெச்சிடலாம். காலைல அம்மாவ நல்லா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாங்க."

"கோடு?"

"எந்தக் கோடு? ஓ, அதுவா! அது அன்னிக்கு ஸ்கேனுக்குப் போட்டது. நாளைக்கு டேபிள்ல புதுசா போடுவோம். குளிக்க வெச்சிடுங்க, மறந்துடாதீங்க."

"குளிப்பாட்டிட்டுதான் இருக்கோம்."

"யாருடி?" என்றாள் சித்தி. "விஷயத்தச் சொல்லிட்டியா?"

மகள் சோப்பை வாங்கிக்கொண்டாள். ஒருமுறை தேய்த்தாள். அழுத்தி மறுபடியும் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கோடுகள் மங்கக்கூட இல்லை.

வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆறிடுச்சு சித்தி. அம்மாவுக்கு இந்தச் சூடு பத்தாது."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.